கட்டத்துக்குள் அடங்காத கல்லிடைக்குறிச்சி

2021 பொங்கல் முடிந்து இரண்டு நாள் இருக்கும். காலை ஏழு மணிக்கு போன். கல்லிடைக்குறிச்சி அப்பளக்கடை அண்ணாச்சி.

“தம்பி, புது வெப்சைட்டு பக்கவாட்டுல ஆடுது. விரல வச்சா அங்கிட்டும் இங்கிட்டும் போவுது. வலதுபக்கத்து அப்பளம் பாதிதான் தெரியுது. என்னன்னு பாருங்க.”

என் போனில் திறந்தேன். ஆடவில்லை. “எனக்கு நல்லாத்தானே அண்ணாச்சி இருக்கு” என்றேன். “உங்க போன்ல ஆடாது. வீட்டம்மா போன்ல பாருங்க, ஊஞ்சல் கணக்கா ஆடுது” என்றார். வீட்டம்மாவின் போன் பழையது, கையடக்கமானது. கணினியை எழுப்பித் திரை அகலத்தை 320 பிக்சலுக்குக் குறைத்தேன். ஆடியது.

நான் எந்த ஃபிரேம்வொர்க்கும், அதாவது மற்றவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்த ஆயத்தத் தொகுப்பு எதுவும் இல்லாமல், வெறும் சிஎஸ்எஸ் கிரிட்டை வைத்து முழுசாகக் கட்டிய முதல் தீம் அது. தீம் என்றால் தளத்தின் தோற்றம். சிஎஸ்எஸ் என்றால் அந்தத் தோற்றத்தைச் சொல்லும் மொழி. கிரிட் என்றால் பக்கத்தைப் பத்திகளாக, அதாவது செங்குத்து நிரல்களாகப் பிரிக்கும் கட்டம். சிஎஸ்எஸ் கிரிட் பிரவுசருக்குள்ளேயே வருவது. காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் மனசுக்குள் ஓடியது ஒன்றுதான்: பேசாமல் பூட்ஸ்ட்ராப் என்ற பழைய ஃபிரேம்வொர்க்கிலேயே விட்டிருக்கலாம்.

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வேர்ட்பிரஸ் என்ற, தளம் நடத்தும் மென்பொருளுக்குத் தீம் கட்டிப் பிழைக்கிறவன் நான். கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், பல் டாக்டர், ஒரு மாதப் பத்திரிகை, இந்த அப்பளக்கடை. இதுதான் என் வாடிக்கை. இந்தப் பக்கத்து என்ஜினீயரிங் கல்லூரிகளில் படித்துவிட்டு இதே தொழிலுக்கு வருகிற பையன்கள் அவ்வப்போது கேட்பார்கள்: “அண்ணே, புதுசா தீம் கட்ட எந்த கிரிட் எடுக்கலாம்?” எத்தனை பத்தி, கோப்பு எத்தனை கேபி கனம், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ஒப்பிட்டு ஒரு பட்டியலை எதிர்பார்ப்பார்கள். அந்தப் பட்டியலை நானும் ஒரு காலத்தில் போட்டவன்தான். இப்போது பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தக் கேள்விக்கு வர எனக்கு ஐந்து வருஷமும் ஒரு பத்திரிகை ஆசிரியரின் கோபமும் தேவைப்பட்டன.

2009-ல் நான் தொடங்கியபோது எல்லாரும் சொன்னது நைன் சிக்ஸ்டி கிரிட் சிஸ்டம். நேத்தன் ஸ்மித் என்பவர் 2008-ல் வெளியிட்டது. அன்றைக்குப் பரவலாக இருந்த திரைகள் 1024 பிக்சல் அகலம். சுருள்பட்டையும் ஓரங்களும் போக 960 வசதியாக உள்ளே உட்காரும். அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் பத்திக்கு 60 பிக்சல், இரு பக்கமும் பத்துப் பத்து பிக்சல் வெளி, ஆக 80. பதினாறாகப் பிரித்தால் 40, வெளியோடு சேர்த்து 60. பன்னிரண்டு இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் ஆறாலும் வகுபடும் என்பதால் அதுவே பிற்பாடு எல்லா ஃபிரேம்வொர்க்குக்கும் எழுதாத சட்டமாகிவிட்டது.

என் தாத்தா சேரன்மகாதேவிப் பக்கம் வயல் கணக்கு எழுதியவர். எண்சுவடி அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, பதினாறில் ஒன்று மாகாணி, முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. 960-ஐ அவரிடம் நீட்டியிருந்தால் “நல்ல எண்ணுடே” என்றிருப்பார். காணி எடுத்தால் 12, மா எடுத்தால் 48, மாகாணி எடுத்தால் 60, முந்திரி எடுத்தால் 3. எதிலும் மிச்சம் கிடையாது. பன்னிரண்டு பத்திக் கட்டத்தில் ஒரு பத்தி 80 பிக்சல், பதினாறு பத்திக் கட்டத்தில் ஒரு பத்தி ஒரு மாகாணி. அன்றைய ஐபோனின் அகலம் 320. அதில் ஒரு பிக்சல் சரியாக ஒரு முந்திரி. இதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, கதைக்கு வருவோம். 2010 மே மாதம் ஈதன் மார்கோட் என்பவர், திரைக்கேற்ப வளைந்துகொடுக்கும் பக்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2011 ஆகஸ்டில் ட்விட்டரில் வேலை பார்த்த மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும் பூட்ஸ்ட்ராப்பை வெளியிட்டார்கள். அதே வருஷம் ஃபவுண்டேஷனும் வந்தது. நான் பூட்ஸ்ட்ராப் பக்கம் போனேன். பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை, அதன் பொத்தான்கள் அழகாக இருந்தன.

2012-ல் பாளையங்கோட்டை மாதப் பத்திரிகை ஒன்றுக்கு பூட்ஸ்ட்ராப் இரண்டாம் பதிப்பில் தீம் கட்டினேன். அங்கே தட்டச்சு செய்து ஏற்றுகிற அக்கா ஒருவர் இருந்தார். கவிதைக்குப் பக்கத்திலேயே படம் வர வேண்டும் என்பது ஆசிரியரின் ஆசை. அதற்கு நான் ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். எடிட்டரில், பக்கத்தின் மூலக் குறிகளைக் காட்டும் எச்டிஎம்எல் பக்கம் போய், ‘ரோ-ஃபுளூயிட்’ என்று ஒரு பெட்டி, அதற்குள் ‘ஸ்பான்6’ என்று இரண்டு பெட்டி. ஒன்றில் கவிதை, ஒன்றில் படம். பன்னிரண்டில் ஆறு என்றால் பாதி. அக்கா அதை ஒரு நோட்பேடில் சேமித்து வைத்துக்கொண்டு மாதாமாதம் ஒட்டினார். “ரெண்டு டப்பா மந்திரம்” என்று அதற்குப் பெயரும் வைத்தார். நேர்காணல், சிறுகதை, வாசகர் கடிதம் என்று எல்லாவற்றிலும் அந்த மந்திரம் ஏறியது. சந்தா விவரம், விளம்பரம் எல்லாம் இருக்கும் பக்கவாட்டுப் பெட்டிகளிலும் நானே அதைத்தான் போட்டிருந்தேன்.

2013 ஆகஸ்டில் பூட்ஸ்ட்ராப் மூன்று வந்தது. போனை முதலில் யோசித்துக் கட்டியது. வாசகர்கள் போனுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். 2014-ல் பத்திரிகையை அதற்கு மாற்ற உட்கார்ந்தேன். மாற்றிய பிறகுதான் உறைத்தது, பெயர்கள் எல்லாம் மாறிவிட்டன. ஸ்பான்6 இப்போது ‘கால்-எம்டி-6’. ரோ-ஃபுளூயிட் வெறும் ‘ரோ’. (கால்-எம்டி-3 என்றால் பன்னிரண்டில் மூன்று, அதாவது நிஜமாகவே கால். தாத்தா இருந்திருந்தால் இதற்கும் சிரித்திருப்பார்.) டெம்ப்ளேட் கோப்புகளில், அதாவது எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான அச்சுகளில், இருந்த பெயர்களை ஒரே மாலையில் மாற்றிவிட்டேன். ஆனால் இரண்டு வருஷமாக அக்கா ஒட்டிய பெயர்கள் டெம்ப்ளேட்டில் இல்லையே. அவை தரவுத்தளத்தில், ஒவ்வொரு பதிவின் வயிற்றுக்குள்ளும் இருந்தன. கவிதை மேலே, படம் கீழே என்று எல்லாப் பழைய பக்கமும் சரிந்து கிடந்தது.

ராத்திரி ஒரு மணிக்கு ஒருவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். தரவுத்தளம் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி, டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, ஸ்பான்6 இருந்த இடத்திலெல்லாம் கால்-எம்டி-6 என்று மாற்றித் திரும்ப ஏற்றினேன். பதிவுகள் எழுந்து நின்றன. கவிதையும் படமும் ஜோடி சேர்ந்தன. நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் ஆசிரியர் கூப்பிட்டார். பக்கவாட்டுப் பெட்டிகள் ஒன்றுகூட இல்லை. சந்தா விவரம் போச்சு, தீபாவளிக்கு என்று முன்பணம் வாங்கிப் போட்ட விளம்பரங்கள் போச்சு. வேர்ட்பிரஸ் இந்தப் பெட்டிகளைச் சேமிக்கும்போது, உள்ளே இருக்கும் எழுத்து மொத்தம் இத்தனை என்று நீளத்தையும் சேர்த்து எழுதி வைக்கும். நான் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தாக இருந்ததை எட்டெழுத்தாக்கிவிட்டேன். எழுதி வைத்த நீளம் ஒன்று, இருக்கிற நீளம் வேறு. கணக்கு ஒத்துப்போகாத பெட்டியை அது படிக்காமலே கைவிட்டுவிடும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது ஊரறிந்த பள்ளம். அதற்கென்றே நீளத்தையும் சேர்த்துத் திருத்தும் கருவிகள் உண்டு. எனக்கு விழுந்த பிறகுதான் தெரிந்தது.

மூன்று நாள் பழைய பேக்கப் இருந்தது. அதை ஏற்றினோம். இடையில் போட்ட இரண்டு பதிவுகளை அக்கா மறுபடி தட்டச்சு செய்தார். அவருக்குக் கால் கிலோ அல்வா வாங்கிக் கொடுத்தேன். வெளியூரில் அல்வா கொடுப்பதற்கு வேறு அர்த்தம். எங்கள் ஊரில் அது மன்னிப்பு.

கடைசியில் தரவுத்தளத்தைத் தொடவே இல்லை. புது தீமின் சிஎஸ்எஸ் கோப்பில் ஆறு வரி சேர்த்தேன். எங்கே ஸ்பான்6 என்ற பெயர் வந்தாலும் பெரிய திரையில் பாதி அகலம் எடுத்துக்கொள், போனில் முழு அகலம். அவ்வளவுதான். அரை மணி நேர வேலை. இதை முதல் ராத்திரியே யோசித்திருக்க வேண்டும்.

பையன்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி அங்கிருந்து வந்தது: அந்த கிரிட்டின் பெயர்கள் எங்கே எழுதப்படப் போகின்றன? உன் சிஎஸ்எஸ் கோப்புக்குள் மட்டுமா, டெம்ப்ளேட்டிலுமா, அல்லது வாடிக்கையாளர் ஒட்டுகிற பதிவுக்குள்ளேயுமா? முதலாவது என்றால் எதை வேண்டுமானாலும் எடு, பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது என்றால் ஒரு வாரம் பிடிக்கும். மூன்றாவது என்றால் அது கல்யாணம். பத்தமடைக்காரர்களுக்கு இது தெரியும். தறியில் நூலைப் பாவாக ஓட்டிவிட்டுத்தான் கோரையைக் கோக்க ஆரம்பிப்பார்கள். பாதிப் பாயில் பாவை மாற்றுவது என்ற பேச்சே கிடையாது. உருவினால் கோரை கோரையாக உதிரும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் பல பழைய மர்மங்கள் விளங்கும். காசு கொடுத்து வாங்குகிற தீம்களில் ‘மூன்றில் ஒன்று’ என்று சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் ஷார்ட்கோட் வசதி இருக்கும். நாலு வருஷம் கழித்து தீமை மாற்றினால் அந்த அடைப்புக்குறிகள் அப்படியே பக்கத்தில் பல்லிளிக்கும். அதுவும் இதே நோய்தான். 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0-உடன், பதிவைத் துண்டு துண்டாக அடுக்கும் பிளாக் எடிட்டர் வந்த பிறகு, பத்தி பிரிக்கிற வேலையை வேர்ட்பிரஸே ஏற்றுக்கொண்டது. அங்கேயும் பெயர்கள் பதிவுக்குள்தான் போகின்றன. ஆனால் அந்தப் பெயர்களுக்கு வேர்ட்பிரஸ் பொறுப்பு, நான் இல்லை. தீம் மாறினாலும் அவை சாகாது. அதனால் இப்போதெல்லாம் பதிவுக்குள் இரண்டு டப்பா வேண்டுமென்றால் அதிலேயே போடச் சொல்லிவிடுகிறேன்.

இடையில், சிஎஸ்எஸ்ஸைச் சுருக்கமாக எழுத உதவும் சாஸ் பக்கம் போய், சூசி என்ற கருவியைக் கொஞ்ச நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். அது எச்டிஎம்எல்லில் எந்தப் பெயரையும் திணிக்காது, கணக்கை மட்டும் போட்டு சிஎஸ்எஸ் கோப்பில் எழுதிவிடும். என் கேள்விக்கு முழு மதிப்பெண். ஆனால் அதை ஓட்ட அன்றைக்கு ரூபி என்ற நிரல்மொழி வேண்டும், விண்டோஸில் ரூபியை ஏற்றுவதற்குள் விடிந்துவிடும். நான் இல்லாத நாளில் வேறொருவர் அந்தத் தீமைத் திறந்தால் தலையும் காலும் புரியாது. நல்ல யோசனை, எடுத்துச் செய்ய ஆளில்லை.

அப்பளக்கடைக்கு முதல் தளம் கட்டியது 2015-ல், பூட்ஸ்ட்ராப் மூன்றில். அங்கேதான் ஃபுளோட் என்ற சங்கதி என்னைப் படுத்தியது. ஃபுளோட் என்பது படத்தை ஒரு பக்கம் ஒதுக்கி எழுத்தை அதைச் சுற்றி ஓடவிடுவதற்காக வந்த வசதி. வேறு வழி இல்லாததால் பத்தி பிரிக்கவும் எல்லாரும் அதையே பயன்படுத்தினோம். பெட்டிகளை எல்லாம் இடது பக்கம் தள்ளு, இடம் தீர்ந்தால் அடுத்த வரிக்குப் போ. பெட்டிகள் ஒரே உயரமாக இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை.

அண்ணாச்சி கடையில் ‘கூழ் வடாம்’ ஒரு வரி. ‘சுண்டைக்காய் வத்தல்’ இரண்டு வரி. ‘வெயிலில் காயவைத்த மணத்தக்காளி வத்தல்’ மூன்று வரி. வரிசைக்கு மூன்று பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டி உயரமாக இருந்தால், நான்காவது பெட்டி இடது ஓரம் போகும் வழியில் அதன் முட்டியில் இடித்து அங்கேயே நின்றுவிடும். இடது ஓரத்தில் ஒரு பெட்டி அளவு பள்ளம். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, “இங்கன ஒரு அப்பளத்த யாரோ எடுத்துட்டுப் போயிட்டாவ” என்றார். ஆங்கிலத் தளங்களில் எல்லாப் பெயரும் ஒரு வரியில் முடிந்துவிடுவதால் மாதிரிப் படங்களில் இது தெரியாது. தமிழ்ப் பெயரைப் போட்டதும் தெரியும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஃபுளோட்டை வெட்டிவிட ஒரு காலிப் பெட்டி வைக்க வேண்டும். போனில் இரண்டுக்கு ஒன்று, டேப்லெட்டில் மூன்றுக்கு ஒன்று, கணினியில் நான்குக்கு ஒன்று. ஒவ்வொன்றும் அந்தந்தத் திரையில் மட்டும் உயிரோடு இருக்க வேண்டும். அந்தத் தளத்தில் அப்பளத்தைவிடக் காலிப் பெட்டிகள் அதிகம்.

2018 ஜனவரியில் வந்த பூட்ஸ்ட்ராப் நான்கு, ஃபுளோட்டை விட்டுவிட்டு, பெட்டிகளை வரிசையாக அடுக்கவே வந்த ஃபிளெக்ஸ்பாக்ஸுக்கு மாறியது. பள்ளம் போனது. ஆனால் பெயர்கள் மறுபடி மாறின. ‘கால்-எக்ஸ்எஸ்-6’ வெறும் ‘கால்-6’ ஆனது. 2021 மே மாதம் ஐந்தாம் பதிப்பு வந்தபோது இன்னும் சில மாறின. நான் குறை சொல்லவில்லை. வளர்கிற ஒன்று மாறத்தான் செய்யும். மாறுகிற பெயரை வாடிக்கையாளரின் பதிவுக்குள் நட்டது என் தப்பு.

சிஎஸ்எஸ் கிரிட் அதற்கு முன்பே வந்துவிட்டது. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52, குரோம் 57, சஃபாரி 10.1 என்று அடுத்தடுத்து மூன்று பிரவுசரும் அதை இறக்கின. ஒரே மாதத்தில் இப்படி மூன்று வாசலும் திறப்பது இந்தத் துறையில் அபூர்வம். இருந்தாலும் நான் மூன்றரை வருஷம் தள்ளிப்போட்டேன். அண்ணாச்சியிடம் வாங்குகிறவர்கள் புதுப் போன்காரர்கள் மட்டும் இல்லை. ஐந்து வருஷப் போனில், ஒரு தடவைகூடப் புதுப்பிக்காத பிரவுசரில் மோர் மிளகாய் ஆர்டர் பண்ணுகிற மாமிகளும் உண்டு. 2020 கொரோனா அடைப்பில் தளத்தின் வருகைக் கணக்கை உட்கார்ந்து பார்த்தபோது பழைய பிரவுசர்கள் ஏறக்குறைய ஓய்ந்திருந்தன. அப்போதுதான் துணிந்தேன்.

பூட்ஸ்ட்ராப்பில் ஒவ்வொரு பெட்டியிடமும் ‘நீ பன்னிரண்டில் இத்தனை’ என்று சொல்ல வேண்டும். சிஎஸ்எஸ் கிரிட்டில் பெட்டிகளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அவற்றைத் தாங்குகிற தாயிடம் ஒரு தடவை சொன்னால் போதும். எச்டிஎம்எல்லில் ‘சரக்கு’ என்று ஒரே ஒரு பெயர். இரண்டு பத்தியா நான்கு பத்தியா என்பது சிஎஸ்எஸ் கோப்பில் ஒரு வரி. நூறு கேபிக்கு மேல் இருந்த பூட்ஸ்ட்ராப் கோப்பு போய், நான் கையால் எழுதியது எட்டு கேபியில் முடிந்தது. வழியில் சுருக்கி அனுப்பும்போது பூட்ஸ்ட்ராப்பும் இருபது கேபி பக்கம்தான் வரும் என்பதால் அளவைப் பெரிய வெற்றியாகச் சொல்ல மாட்டேன். திறந்து படித்தால் புரிகிறது, அதுதான் பெரிசு.

அந்த ஊஞ்சல் இங்கே வருகிறது.

போனுக்கு இரண்டு பத்தி என்று எழுதி, இரண்டுக்கும் ‘ஒரு பங்கு’ என்று கொடுத்திருந்தேன். சமமாகப் பிரியும் என்று நினைத்தேன். பிரியாது. ஒரு பங்கு என்றாலும், உள்ளே இருக்கும் உடையாத நீளச் சொல்லைவிடக் குறுகலாக அந்தப் பத்தி ஆகாது. ஒரு பத்தியில் மட்டும் நீளச் சொல் இருந்தால் அது பருத்து மற்றது மெலியும். இரண்டிலும் இருந்தால் இரண்டும் பருத்துப் பக்கமே திரையைவிட அகலமாகிவிடும். 320 பிக்சலில் ஓரமும் இடைவெளியும் போக ஆளுக்கு 140. அதற்குள் பெட்டியின் உள்விளிம்பு இரு பக்கமும் பத்துப் பத்து. மிச்சம் 120. தடித்த எழுத்தில் ‘கல்லிடைக்குறிச்சி’ அதற்குள் எங்கே உட்காரும்? கூகுளில் தேடினால் கிடைக்கட்டும் என்று எல்லாச் சரக்குக்கும் முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்க்கச் சொன்னதும் நான்தான். கல்லிடைக்குறிச்சி உளுந்து அப்பளம், கல்லிடைக்குறிச்சி மிளகு அப்பளம், கல்லிடைக்குறிச்சி ஜீரக அப்பளம்.

பங்கின் குறைந்தபட்சத்தைப் பூஜ்யம் என்று மாற்றினேன். ஊஞ்சல் நின்றது. மத்தியானம் மறுபடி போன்.

“ஆட்டம் நின்னுட்டு தம்பி. ஆனா ஊர்ப் பேரு டப்பாவ விட்டு வெளிய துருத்திக்கிட்டு நிக்கி.”

சரிதான், பெட்டி குறுகியது, சொல் குறுகவில்லை. எங்கே வேண்டுமானாலும் உடையலாம் என்று சொல்லுக்கு அனுமதி கொடுத்தேன். சாயங்காலம் மூன்றாவது போன். இந்தத் தடவை குரலில் வருத்தம்.

“ஊர்ப் பேர ஒடச்சிட்டியளே தம்பி. மேல ‘கல்லிடைக்குறிச்’, கீழ ஒத்தையா ஒரு ‘சி’. படிக்கதுக்கு நல்லாவா இருக்கு?”

நன்றாக இல்லை. பிரவுசர் தமிழை உடைக்கும்போது எழுத்தையும் கொம்பையும் பிரிக்காமல் உடைக்கிறது என்பதில் எனக்குத் திருப்தி. ஆனால் எங்கே உடைத்தால் கண்ணுக்கு உறுத்தாது என்று அதற்குத் தெரியாது. அச்சகத்தில் எழுத்துக்கோத்த என் மாமா ஒரு விதி சொல்வார்: வரியைப் புள்ளி எழுத்தில் தொடங்காதே, ஒற்றை எழுத்தை அநாதையாகக் கீழே தள்ளாதே. அந்த விதியும் பிசகாமல், சொல்லின் பொருளும் சிதையாமல் உடைய இந்தச் சொல்லுக்கு ஏற்ற இடம் ஒன்றுதான்: கல்லிடைக், குறிச்சி. எச்டிஎம்எல்லில் ‘தேவைப்பட்டால் இங்கே உடையலாம்’ என்று சொல்ல ஒரு குறி உண்டு. இடம் இருந்தால் அது கண்ணுக்கே தெரியாது, சிறுகோடும் போடாது. சரக்கின் பெயரைக் காட்டும் இடத்தில், ஊர்ப் பெயர் வந்தால் நடுவில் அந்தக் குறியைச் செருகும் ஐந்து வரி நிரல் எழுதினேன். தரவுத்தளத்தில் பெயர் முழுசாக இருக்கும், காட்டும்போது மட்டும் குறி சேரும். பெட்டி 160 பிக்சலுக்குக் குறையக் கூடாது, இடம் இருக்கும் மட்டும் எத்தனை பத்தி வருமோ வரட்டும் என்றும் மாற்றினேன். வீட்டம்மா போனில் ஒரே பத்தி, என் போனில் இரண்டு, கணினியில் ஆறு. எந்தத் திரைக்கு எத்தனை என்று தனித்தனியாக எழுதவே இல்லை.

பிற்பாடு ஒரு நாள் செங்கோட்டை பாசஞ்சரில் அவரைப் பார்க்கப் போனேன். பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மஞ்சள் பலகையைப் பார்த்துக்கொண்டே போனேன். பேட்டைக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் பெயர் நீளத்தில் எத்தனை வித்தியாசம்! அங்கே பெயரைப் பார்த்துவிட்டுப் பலகை அடிக்கிறார்கள். நான் பலகையை அடித்துவிட்டுப் பெயரைத் தேடியிருக்கிறேன். அன்றிலிருந்து தீமில் வைக்கும் மாதிரி எழுத்துக்கு லத்தீன் குப்பையைப் போடுவதில்லை. அம்பாசமுத்திரம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், விக்கிரமசிங்கபுரம் என்று நம் ஊர்களையே போடுகிறேன். விக்கிரமசிங்கபுரத்தைத் தாங்கும் கட்டம் வேறு எதையும் தாங்கும்.

தமிழ்ப் பெயர்களால் இன்னொரு குறை மிச்சம் இருந்தது. பெயர் சிலதுக்கு ஒரு வரி, சிலதுக்கு மூன்று என்பதால் கீழே வரும் விலை ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு உயரத்தில் நிற்கும். கண் மேலும் கீழும் ஏறி இறங்கும். தாயின் வரிசைகளைப் பிள்ளைப் பெட்டியும் பின்பற்றுகிற சப்கிரிட் என்ற வசதி இதற்காகவே செய்ததுபோல் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 2019 டிசம்பரிலேயே வந்துவிட்டது, சஃபாரிக்கு 2022, குரோமுக்கு 2023 செப்டம்பர். 2024-ல் அப்பளக்கடையில் சேர்த்தேன். விலைகள் எல்லாம் பந்தியில் இலை போட்டதுபோல் ஒரே கோட்டில் நிற்கின்றன. அண்ணாச்சி இதைக் கவனிக்கவே இல்லை. கவனிக்காமல் இருந்தால் வேலை சரி என்று அர்த்தம்.

அப்படியானால் ஃபிரேம்வொர்க்கே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. கல்யாண மண்டபத்துக்கு இரண்டு நாளில் தளம் வேண்டும், முன்பதிவுப் படிவம் வேண்டும், பிறகு அதை மண்டபத்துக்காரரின் மருமகன் பார்த்துக்கொள்வார் என்றால் யோசிக்காமல் பூட்ஸ்ட்ராப்தான் போடுவேன். மருமகனுக்கு கல்லூரியில் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் கையால் எழுதிய எட்டு கேபி எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்கு அது என் டைரி. யார் வந்து திறந்தாலும் கைக்குப் பழகிய சாவி என்பதே ஒரு ஃபிரேம்வொர்க்கின் பெரிய பலம். பெயர்கள் டெம்ப்ளேட்டைத் தாண்டிப் பதிவுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

டெயில்விண்ட் என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கை இரண்டு தீம்களில் பயன்படுத்தினேன். டெம்ப்ளேட்டைத் திறந்தால் ஒவ்வொரு வரியும் கிளாஸ் பெயர்களால், அதாவது ஸ்பான்6 மாதிரிப் பெட்டிப் பெயர்களால், சரக்கு லாரி மாதிரி பிதுங்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் ஒரு நல்ல கண்டிப்பு இருக்கிறது. கோப்புகளைத் துழாவி, அவற்றில் இருக்கும் பெயர்களுக்கு மட்டும்தான் அது சிஎஸ்எஸ் தயாரிக்கும். வாடிக்கையாளர் தன் பதிவுக்குள் ஒரு பெயரை ஒட்டினால், அது கோப்பில் எங்கும் இல்லையென்றால், வேலை செய்யாது. குறை என்று பலர் சொல்வார்கள். ரெண்டு டப்பா மந்திரத்தைப் பார்த்தவனுக்கு அது வேலி.

கிளாஸ் பெயரைத் தமிழிலேயே எழுதலாமே என்று ஒரு ஆசை. எழுதலாம், எல்லாப் பிரவுசரும் ஏற்கும். ஒரு தீமில் ‘கொள்முதல்’ என்று பெயர் வைத்தேன். டெம்ப்ளேட்டில் இருக்கிறது, சிஎஸ்எஸ்ஸிலும் இருக்கிறது, ஆனால் பெட்டி அசையவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பிடிபட்டது. ‘கொ’ என்பதன் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சிஎஸ்எஸ்ஸுக்கு இரண்டும் வேறு வேறு ஆள். ஒரு கோப்பைக் கணினியில் அடித்திருந்தேன், இன்னொன்றில் எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருந்தேன். மறுபடி ஒரு கால் என்னைக் கவிழ்த்துவிட்டது. இப்போது கொம்பும் காலும் சேர்ந்து வராத சொற்களுக்கு மட்டும் தமிழ்ப் பெயர்: சரக்கு, விலை, முகப்பு.

இந்த வருஷம் பத்திரிகையின் தீமை நான்காவது முறையாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். முழுக்க சிஎஸ்எஸ் கிரிட். பூட்ஸ்ட்ராப் எடுத்தாயிற்று, காலிப் பெட்டிகள் எடுத்தாயிற்று. அக்கா ஓய்வு பெற்றுவிட்டார், புதிதாக வந்த பெண் பிளாக் எடிட்டரில் பத்தி பிரிக்கிறாள், எச்டிஎம்எல் பக்கமே போவதில்லை. பழைய சிஎஸ்எஸ் கோப்பில் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே கடைசி வரை வந்தேன். கடைசியில் ஸ்பான்6-க்கு எழுதிய அந்த ஆறு வரி. அந்தக் கவிதைகளுக்குப் பக்கத்தில் படங்கள் இன்னும் நிற்பது அதனால்தான். ஃபுளோட்டை எடுத்துவிட்டு கிரிட்டில் திருப்பி எழுதினேன், நான்கு வரியாகச் சுருங்கியது. மேலே ஒரு குறிப்பும் வைத்தேன்: “2012. ரெண்டு டப்பா மந்திரம். அழிக்காதே.”